அட்டைக்கும் நிரலுக்கும் நடுவே



வீட்டில் தண்ணீர் டேப் ஒழுகத் தொடங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஹார்டுவேர் கடைக்குப் போய், "அரை இஞ்ச் டேப் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பீர்கள். சுவருக்குள் ஓடுவது இரும்புக் குழாயா, பிளாஸ்டிக் குழாயா, மாடியில் இருக்கும் தொட்டி எத்தனை லிட்டர் என்றெல்லாம் கடைக்காரர் விசாரிப்பதில்லை. 'அரை இஞ்ச்' என்ற இரண்டு சொற்களே போதும். மரையின் விட்டம், கோணம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அந்தச் சொற்களுக்குள் அடக்கம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே அளவில் வெட்டலாமே என்று 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அவர் புதிதாக எந்த இயந்திரத்தையும் கண்டுபிடித்து இதைச் சொல்லவில்லை. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

இந்த 'சேரும் இடத்தை' தச்சர்கள் மூட்டு என்பார்கள். கணிப்பொறி நூல்களில் இடைமுகம் என்று எழுதுகிறார்கள். கணிப்பொறி வலைப்பின்னலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பரிட்சையில் ஏழு பெட்டிகளை வரைந்தால் ஐந்து மதிப்பெண். ஆனால் பெட்டிகளைவிட, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே உள்ள கோடுதான் முக்கியம் என்பது என் கருத்து. அந்தக் கோடு எங்கே போடப்பட்டது, யார் போட்டார்கள், அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்களா என்பவற்றைப் பொறுத்தே கணிப்பொறி உலகில் யாருக்கு இடம் கிடைத்தது என்பது முடிவாகியிருக்கிறது.

இதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு பழைய ஆய்வகம். 2002 வாக்கில் நான் முதுகலை இயற்பியல் மாணவன். எங்கள் துறையில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் மென்பொருளில் ஓடும் பழைய சர்வர் ஒன்றும், அதனோடு மெல்லிய கோஆக்சியல் கேபிளால் இணைத்த ஏழெட்டுக் கணிப்பொறிகளும் இருந்தன. வேறொரு துறை கழித்துவிட்ட கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்து அந்த வரிசையில் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதைச் சேர்த்தேன். சர்வரைக் காணவில்லை என்றது திரை.

இயற்பியல் மாணவன் முதலில் என்ன செய்வான்? மல்டிமீட்டரை எடுப்பான். இந்தக் கேபிளின் தன்மறிப்பு 50 ஓம். அதன் இரு முனைகளிலும் 50 ஓம் மின்தடை கொண்ட மூடி ஒவ்வொன்று மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் முனையை அடையும் மின்துடிப்பு எதிரொலித்துத் திரும்பி வந்து, பின்னால் வரும் துடிப்புகளைக் கெடுத்துவிடும். கயிற்றின் ஒரு நுனியைச் சுவரில் கட்டி மறு நுனியை உதறினால் அலை திரும்பி வருகிறதன்றோ, அதே கதைதான். இரு மூடிகளும் சரியாக இருந்தால், நடுவில் எந்த இடத்தில் அளந்தாலும் இரண்டு 50 ஓம் தடைகள் பக்க இணைப்பில் இருப்பதாகத் தெரியும். அதாவது 25 ஓம். ஒரு பக்கம் அறுந்திருந்தால் 50 காட்டும். எனக்கு 25 ஓமும் சொச்சமும் காட்டியது. கேபிளில் குற்றமில்லை.

அடுத்து அட்டை. அட்டையோடு வந்த பிளாப்பியில் ஒரு சோதனை நிரல் இருந்தது. அதை ஓட்டினால், புதிய கணிப்பொறியும் பக்கத்துக் கணிப்பொறியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிப் பெற்றுக்கொண்டன. ஆக, அட்டையிலும் குற்றமில்லை. பிறகு மென்பொருள். கணிப்பொறி விழித்ததும் வரிசையாக ஓட வேண்டிய நான்கு நிரல்களை ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். முதலாவது எல்.எஸ்.எல்., இரண்டாவது என்.இ.2000, மூன்றாவது ஐ.பி.எக்ஸ்.ஓ.டி.ஐ., நான்காவது நெட்எக்ஸ். நான்கும் முணுமுணுப்பின்றி நினைவகத்தில் ஏறி உட்கார்ந்தன. கேபிள் சரி, அட்டை சரி, நான்கு நிரல்களும் சரி. ஆனாலும் சர்வர் இல்லை! மூன்று நாட்கள் இப்படியே போயின.

குற்றம் எந்தப் பொருளிலும் இல்லை, ஒரு மூட்டில் இருந்தது. ஈதர்நெட் கேபிளில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் பெறுபவர் முகவரிக்கு 6 பைட்டு, அனுப்புபவர் முகவரிக்கு 6 பைட்டு, அதன்பின் 2 பைட்டு இருக்கும். நெட்வேரின் பழைய பதிப்புகள் அதற்குப் பிறகு நேராகத் தம் செய்தியைத் தொடங்கிவிடும். 1993இல் வந்த பதிப்பிலிருந்து, இடையில் மேலும் 3 பைட்டுகள் வைப்பதே வழக்கமாயிற்று. எங்கள் சர்வர் பழையது. வந்து சேர்ந்த கணிப்பொறியிலிருந்த மென்பொருள் புதியது. 3 பைட்டு நகர்ந்திருந்ததால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் சர்வர் தெரிந்தது.

மூன்று நாளும் வீண் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. கேபிளைத் தனியாகச் சோதிக்க முடிந்தது, அட்டையைத் தனியாகச் சோதிக்க முடிந்தது. காரணம், இடையில் மூட்டுகள் இருந்தன. முழுவதும் ஒரே வார்ப்பாக இருந்திருந்தால் ஓர் ஆண்டு உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிராது.

அந்த நான்கு நிரல்களில் யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். என்.இ.2000 என்பது அட்டையின் இயக்கி. அந்த அட்டையின் சில்லுகளோடு எப்படிப் பேசுவது என்பது அதற்கு மட்டுமே தெரியும். ஐ.பி.எக்ஸ்.ஓ.டி.ஐ. என்பது நெறிமுறை, அதாவது புரோட்டோகால். யாருக்கு, எந்த வடிவில், எந்த முகவரியிட்டு அனுப்புவது என்பது அதன் கவலை. எல்.எஸ்.எல். இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் பிரிப்பாளர். தபால் நிலையத்தில் கடிதங்களை அறை அறையாகப் போடுவாரே, அவரைப் போல. நெட்எக்ஸ் மேலே உட்கார்ந்துகொண்டு, சர்வரில் இருக்கும் வட்டை இந்தக் கணிப்பொறியின் சொந்த வட்டைப் போலக் காட்டும். மேலே ஓடும் வேர்ட்ஸ்டார் நிரலுக்கு வலைப்பின்னல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 'எஃப்' என்ற வட்டில் கோப்பைச் சேமித்தேன் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. ஈதர்நெட் 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரின் உழைப்பு அது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. மறு ஆண்டே மெட்காஃபின் த்ரீகாம் நிறுவனம் அதற்கான ஈதர்நெட் அட்டையை விற்கத் தொடங்கியது. ஆனால் பி.சி.யில் ஓடிய டாஸ் என்ற இயக்க முறைமைக்குத் தெரிந்ததெல்லாம் விசைப்பலகை, திரை, வட்டு, அச்சுப்பொறி ஆகியவைதாம். வலைப்பின்னல் என்ற சொல்லே அதன் அகராதியில் இல்லை. ஆகவே அட்டை செய்தவரும் மென்பொருள் செய்தவரும் தமக்குத் தோன்றியபடி ஒட்டுப்போட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் 20 வகை அட்டைகள், 5 வகை நெறிமுறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையோடும் ஒவ்வொரு நெறிமுறையையும் நேரடியாகப் பிணைத்தால் 20 × 5 = 100 நிரல்கள் எழுத வேண்டும். நடுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு மூட்டு இருந்தால் 20 + 5 = 25 போதும். புதிதாக ஓர் அட்டை வந்தால் முதல் முறையில் 5 நிரல்கள் கூடும். இரண்டாவதில் ஒன்றே ஒன்று.

நெட்வேரின் தொடக்க கால முறை முதல் வகையைச் சேர்ந்தது. அட்டையின் இயக்கியையும் ஐ.பி.எக்ஸ். நெறிமுறையையும் உருக்கி ஒட்டியதுபோல ஒரே நிரலாக்கிவிடுவார்கள். அட்டையை மாற்றினால் மறுபடியும் ஒட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அந்த நிரல் அட்டையை முழுவதுமாகத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும். அதே கணிப்பொறியில் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறையும் வேண்டுமென்றால், கணிப்பொறியை நிறுத்தி, வேறு மென்பொருளோடு மறுபடி தொடங்க வேண்டும். ஒரே டேப்பில் காலையில் நல்ல தண்ணீர், மாலையில் உப்புத் தண்ணீர், இடையில் கொத்தனாரை அழைத்துச் சுவரை உடைக்க வேண்டும் என்பது போன்ற நிலை.

இதற்கு வந்த விடைகளில் என் மனத்துக்குப் பிடித்தது 'பாக்கெட் டிரைவர்' என்பது. அதன் அழகே அதன் சிறுமைதான். அமெரிக்காவில் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர், டேவிட் கிளார்க் ஆகியோரின் குழுவில், ஜான் ராம்கி என்ற மாணவர் உள்ளிட்டோர், 1980களின் தொடக்கத்தில் பி.சி.க்கு டி.சி.பி./ஐ.பி. எழுதிப் பார்த்தார்கள். இவ்வளவு சிறிய கணிப்பொறியில் இது நடக்குமா என்ற ஐயம் அன்று பலருக்கும் இருந்தது. நடந்தது! அக்குழுவைச் சேர்ந்தவர்கள் 1986இல் எஃப்.டி.பி. சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் பாக்கெட் டிரைவருக்கான விதிகளை வகுத்து, யாரும் படித்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

அது வேலை செய்யும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பி.சி.யின் நினைவகத்தின் முதல் 1024 பைட்டுகளில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 256 முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு. இவற்றைக் குறுக்கீட்டு வாசல்கள் என்று சொல்லலாம். ஒரு நிரல் 'குறுக்கீடு 96' என்று கட்டளையிட்டால், கணிப்பொறி அந்தப் பட்டியலில் 96ஆம் இடத்தில் எழுதியிருக்கும் முகவரிக்குத் தாவும். பாக்கெட் டிரைவர் 96 முதல் 128 வரை உள்ள 33 வாசல்களில் ஏதேனும் ஒன்றில் குடியேறலாம். எதில் என்பதை நாமே சொல்லலாம்.

அப்படியானால் அதைத் தேடி வரும் நிரலுக்கு எந்த வாசல் என்று எப்படித் தெரியும்? கதவுக்குக் கதவு பெயர்ப் பலகை பார்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு வாசலின் முகவரிக்கும் போய், அங்கிருந்து 3 பைட்டு தள்ளி 'பி கே டி, ஓர் இடைவெளி, டி ஆர் வி ஆர்' என்ற எட்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் வீடு கிடைத்தது. பிறகு, "0800 வகைப் பொட்டலங்கள் வந்தால் எனக்குக் கொடு" என்று பதிவு செய்துகொள்ளும். 16ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 0800 என்பது ஐ.பி. பொட்டலத்தின் வகை எண். ஐ.பி.எக்ஸ். நெறிமுறையும் அதே வாசலுக்கு வந்து, "8137 வகை எனக்கு" என்று பதிவு செய்துகொள்ளலாம். ஓர் அட்டை, இரண்டு நெறிமுறைகள், சண்டை இல்லை.

பொட்டலம் வரும்போது நடப்பது இன்னும் சுவையானது. இயக்கி மேலே உள்ள நிரலை இரண்டு முறை அழைக்கிறது. முதல் முறை, "இத்தனை பைட்டு நீளத்தில் ஒன்று வந்திருக்கிறது, எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கும். நிரல் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும். இடமில்லையென்றால் சுழியைத் தரும், இயக்கி பொட்டலத்தை எறிந்துவிடும். இரண்டாம் முறை, "வைத்துவிட்டேன்" என்று சொல்லும். ஏன் இந்தச் சுற்று? டாஸும் எல்லா நிரல்களும் 640 கிலோபைட்டுக்குள் வாழ வேண்டியிருந்த காலம் அது. எவ்வளவு பெரிய பொட்டலம் வரும் என்று தெரியாமல் இயக்கி தானே இடம் பிடித்து வைத்தால், பிறருக்கு இடம் குறையும். இடம் வேண்டியவரே இடம் கொடுக்கட்டும் என்பது ஏழை வீட்டின் சிக்கனம்.

விதிகள் வெளிப்படையாக இருந்ததால் என்ன ஆயிற்று? நியூயார்க் மாநிலத்தில் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் நெல்சன் என்பவர் பலவகை அட்டைகளுக்கு இயக்கிகளைச் சேகரித்து, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தார். பலர் தம் அட்டைக்குத் தாமே எழுதி அனுப்பினார்கள். பின்னாளில் இது கிரின்வர் சேகரிப்பு எனப்பட்டது. 1990களில் லினக்ஸுக்கு ஈதர்நெட் இயக்கிகளை எழுதிக் குவித்த டொனால்ட் பெக்கர், த்ரீகாமின் ஓர் அட்டைக்கான இயக்கியின் தலைப்பில், தாம் பார்த்து எழுதிய ஆதாரங்களுள் ஒன்றாகக் கிரின்வர் இயக்கியைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பெரிய நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1980களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் த்ரீகாமும் சேர்ந்து என்.டி.ஐ.எஸ். என்ற மூட்டை வகுத்தன. நாவெலும் ஆப்பிளும் சேர்ந்து ஓ.டி.ஐ. என்ற மூட்டை வகுத்தன. எங்கள் ஆய்வகத்தின் எல்.எஸ்.எல். இந்த வகையைச் சேர்ந்ததே. இரண்டும் பாக்கெட் டிரைவரைவிட வசதி மிக்கவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மரையை ஒழுங்குபடுத்த வந்தவர்கள் மூன்று வகை மரையை உண்டாக்கிவிட்டார்கள்! விளைவு, இந்த மரையில் அந்த டேப்பை மாட்ட 'ரெட்யூசர்' தேவைப்பட்டது. ஓ.டி.ஐ.க்கு மேல் பாக்கெட் டிரைவர் போல நடிக்க ஒரு நிரல், என்.டி.ஐ.எஸ்.ஸுக்கு மேல் அப்படியே நடிக்க இன்னொன்று, ஓ.டி.ஐ.க்கு மேல் என்.டி.ஐ.எஸ். போல நடிக்க மூன்றாவது ஒன்று. ஒவ்வொரு நடிகரும் அந்த 640 கிலோபைட்டில் பங்கு கேட்பார். மூன்றில் என்.டி.ஐ.எஸ். மட்டும் பல பதிப்புகள் மாறி இன்றைய விண்டோஸுக்குள் வாழ்கிறது. அது தொழில்நுட்பத்தால் கிடைத்த வெற்றி என்பதைவிட, விண்டோஸ் வென்றதால் கிடைத்த வெற்றி என்றே நான் சொல்வேன்.

கீழ்மூட்டைப் போலவே மேல்மூட்டும் ஒன்று உண்டு. பயனர் நிரல் நெறிமுறையோடு பேசும் இடம் அது. 1984இல் ஐ.பி.எம். தன் வலைப்பின்னலோடு நெட்பயாஸ் என்ற மேல்மூட்டைக் கொடுத்தது. அதில் ஒவ்வொரு பெயருக்கும் 16 பைட்டு. விண்டோஸ் பின்னாளில் அதன் கடைசி பைட்டை வேறு வேலைக்கு ஒதுக்கிக்கொண்டதால், பெயருக்கு 15 எழுத்தே மிஞ்சியது. விண்டோஸ் கணிப்பொறிக்கு 15 எழுத்தைத் தாண்டிப் பெயர் வைத்தால் இன்றும் அது எச்சரிக்கும். அந்த ஐ.பி.எம். அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் அரிது; மூட்டின் வடு மட்டும் இருக்கிறது.

டி.சி.பி./ஐ.பி. உலகில் மேல்மூட்டு நெடுநாள் சிக்கலாகவே இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருந்ததால், ஒருவரின் மென்பொருளுக்கு எழுதிய நிரல் மற்றவரின் மென்பொருளோடு ஓடாது. 1991இல் இன்டராப் என்ற கண்காட்சிக்கு வந்திருந்தவர்கள் சிலர் கூடிப் பேசியதில் வின்சாக் என்ற யோசனை உருவாயிற்று. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களே உட்கார்ந்து எழுதி, 1993 ஜனவரியில் 1.1 பதிப்பை வெளியிட்டார்கள். அதைப் படித்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீட்டர் டாட்டம் என்ற ஒருவர் ட்ரம்பெட் வின்சாக் எழுதினார். கீழே பாக்கெட் டிரைவர், மேலே வின்சாக். இரு பக்கமும் திறந்த மூட்டுகள், நடுவில் இவர். விண்டோஸ் 3.1இல் டி.சி.பி./ஐ.பி. உள்ளடங்கியிராத அக்காலத்தில், உலகெங்கும் பலர் முதன்முதலில் இணையத்தைக் கண்டது இவருடைய நிரலின் வழியாகத்தான். கட்டணம் கேட்டிருந்தார். பெரும்பாலோர் கட்டவில்லை. திறந்த வாசல் என்பதற்காக உழைத்தவருக்குக் கூலி இல்லாமல் போவது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

இனி உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்கு வருவோம். அதிலும் வானொலிச் சில்லு உண்டு, அதற்கு இயக்கி உண்டு, நெறிமுறை உண்டு, நிரல்கள் உண்டு. மேல்மூட்டு திறந்திருக்கிறது, யாரும் செயலி எழுதலாம். கீழ்மூட்டோ பெரும்பாலும் பூட்டியிருக்கிறது. சில்லு செய்தவர் இயக்கியைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், திரை நன்றாக இருக்கும், பேட்டரி நன்றாக இருக்கும், போன் மட்டும் புதிய பதிப்பை ஏற்காது. அலமாரியில் இப்படி எத்தனை போன்கள் கிடக்கின்றன என்று வீட்டில் எண்ணிப் பாருங்கள். சில்லின் உள்ளமைப்பை நிறுவனம் இரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால் சில்லோடு பேசும் முறையை, மரையின் அளவைப் போல, அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். வாங்கியவனுக்கு டேப்பை மாற்றும் உரிமையாவது வேண்டாமா?

பள்ளியில் இதைக் கற்பிக்கப் புதிய பாடப்புத்தகம் தேவையில்லை. ஒரு சாதாரணக் கணிப்பொறி போதும். கியூஎமு என்ற இலவச மென்பொருள், கணிப்பொறிக்குள் ஒரு பழைய பி.சி.யை என்.இ.2000 அட்டையோடு நடித்துக் காட்டும். அதில் ஃப்ரீடாஸை ஏற்றுங்கள். கிரின்வர் சேகரிப்பிலிருந்து என்.இ.2000 இயக்கியை எடுத்து, 96ஆம் வாசலில் குடியேறச் சொல்லுங்கள். அந்த எண் 16 அடிமானத்தில் 60. அதன்மேல் எம்.டி.சி.பி. என்ற இலவசத் தொகுப்பை ஓட்டினால், 1981ஆம் ஆண்டு வடிவக் கணிப்பொறி இன்றைய இணையத்தோடு பேசும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டீபக் என்ற நிரலைத் திறந்து, நினைவகத்தின் 384ஆம் பைட்டைப் பாருங்கள்; 96 × 4 = 384, டீபக்குக்கு அதை 0:180 என்று எழுத வேண்டும். அங்கே உள்ள 4 பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்குப் போங்கள். முதல் 3 பைட்டு ஒரு தாவல் கட்டளை. அதை அடுத்து, திரையின் வலப்பக்கத்தில், அந்த எட்டு எழுத்துப் பெயர்ப் பலகை தெரியும்.